ஆற விட்டுடு

அதியமான் பேசும் வாக்கியங்களில் எழுவாய் இருந்ததே இல்லை. “பண்ணிடலாம்” என்பார். யார் பண்ணுவது என்று வராது. “பாத்துக்கலாம்” என்பார். யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது என்பதெல்லாம் கேட்டவர் பாடு. ஆளைக் குறிப்பிடாமலே பேச்சை முடிக்கத் தமிழ் எல்லோருக்கும்தான் இடம் கொடுக்கிறது. அந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். உத்தியோகம் முழுக்க அப்படியே படுத்திருந்து, எந்தத் தப்பிலும் பெயர் அடிபடாமல், கடைசியில் சௌந்தரவல்லி விண்கலத்துக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார்.

சௌந்தரவல்லி என்பது முதலாளியின் அம்மா பெயர். லாரிக்கு வைப்பதுபோல் வைத்திருந்தார்கள். கலம் சனிக்கிரகத்தின் பனி மூடிய நிலவு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. விழித்திருப்பவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவரைப் பார்த்தாலே வாய் கசந்தால் வருஷக்கணக்கான பயணத்தை எப்படித் தள்ளுவது என்று பூங்காவனத்துக்குத் தெரியவில்லை. தள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் வேலை வெப்பம். கலத்தில் இருக்கிற கருவிகள் ஒவ்வொன்றும் அதனதன் சூட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது. கிளம்பும் முன் நடந்த விருந்தில் முதலாளி அவளைக் கூப்பிட்டு, “ஏம்மா, டிகிரி பாக்குறதுக்குன்னு ஒரு ஆளா? வீட்டுல ஏசி மாதிரி தானா பாத்துக்காதா?” என்று கேட்டார். “அங்க காத்தே கிடையாது சார். வெயில் படுற பக்கம் வேகும், படாத பக்கம் விறைக்கும். நடுவுல இருக்கிறத நாமதான் காப்பாத்தணும்” என்று சொன்னாள். அவர் அதற்குள் கேசரிப் பக்கம் திரும்பிவிட்டார்.

கருவிகள் மொத்தம் ஏழு. ஒன்று முதல் ஐந்து வரை நிஜக் கருவிகள்: தூசி பிடிப்பது, காந்தம் அளப்பது, அந்த மாதிரி. இரண்டாவது கருவிதான் பெரிய கேமரா, முதலாளியின் செல்லம். ஆறும் ஏழும் மனிதர்கள்.

ஆமாம், மனிதர்கள்தான். மூன்று பேருக்கு மேல் பயணம் செய்யும் கலத்தில் உயிர்மீட்புப் படகு இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். படகு என்றால் எடை, எடை என்றால் செலவு. கம்பெனி வக்கீல்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். உடம்பைக் குளிர்வித்துத் தூங்கவைத்த ஆள் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, மூச்சும் விட்டும் விடாமலும் இருக்கிறான். அவனை எப்படிப் பயணி என்பது? ‘உயிரியல் கருவி’ என்று பதிந்தார்கள். சட்டத்தைக் காப்பாற்ற வேண்டியவர்கள் தலையாட்டி முத்திரை குத்தினார்கள். தூங்கப் போகிறவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஏழாவது பெட்டியில் முதலாளியின் சின்ன மச்சினன். பாறை ஆராய்ச்சி படித்தவன் என்று பேர். எண்ணுக்கு ஐகாரம் சேர்த்தால் ஏழை. ஆளுக்கு அந்த வாசனையே கிடையாது. ஆறாவது பெட்டியில் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர் சந்தியாகு. ஆழ்கடலில் துளை போடுகிறவர். நிலவின் பனியில் துளை போட அவர்தான் வேண்டும். பெட்டிக்குள் படுக்கும் முன் பூங்காவனத்திடம், “எக்கா, நான் ஆறாம் நம்பரு. மறந்துறாதிய” என்று சிரித்தார். பூங்காவனமும் சிரித்துவைத்தாள். தன்னைக் கருவி என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள்மீது அவளுக்கு அப்போது இரக்கத்தைவிட இளக்காரம்தான் அதிகம் இருந்தது.

சூட்டைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் குரல் வழியாகத்தான். அதைக் கேட்டுச் செய்யும் நிரலுக்கு ஒரு குழு போட்டு ‘வெம்மைப் பேணி’ என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவது ஆளான டாக்டர் தவமலர் யாழ்ப்பாணத்துக்காரி. பெயரைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்கட ஊரில பேணி எண்டா தேத்தண்ணி குடிக்கிற தகரக் குவளை!” என்றாள். அந்தக் குழு, கட்டளைகளையும் செந்தமிழில் வகுத்திருந்தது. ‘ஆறாம் கருவியின் வெப்பநிலையை இரு பாகை உயர்த்துக’ என்று சொன்னால்தான் பேணி அசையும். தினம் நாற்பது தடவை அப்படிப் பேச எந்த மனிதனால் முடியும்? பூங்காவனம் சண்டை போட்டு, பேச்சுத்தமிழ் புரிகிற மாதிரி அதை மாற்றவைத்தாள். அதன் பிறகு “அஞ்ச கொஞ்சம் ஏத்து” என்றாலே போதும்.

ஆனால் ஒரு கருவியின் சூட்டை ஒரேயடியாக நிறுத்துவதென்றால் தலைவர்தான் சொல்ல வேண்டும். அவர் வாயால், அவர் குரலில். அதியமானுக்கு அப்படி ஒரு சங்கடம் வராமலே பயணம் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சனியை நெருங்குவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது மின்பெட்டியில் ஒரு கட்டை செத்துப்போனது. அணுவின் சூட்டை மின்சாரமாக்கித் தருகிற கட்டைகளில் ஒன்று. காலைக் காபிக்கு மூவரும் கூடினார்கள். அறைகளின் சூட்டை அதற்குள் பூங்காவனம் குறைத்திருந்ததால் மூவர் தலையிலும் குரங்குக் குல்லா. அதியமானின் குல்லா பழுப்பு நிறம். மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய, ஓர் உயிரைப் பற்றி முடிவெடுக்க அவர் உட்கார்ந்திருந்தார்.

“நிலவரம்?” என்றார்.

“இருக்கிற கரண்ட்ல ஏழுக்கும் சூடு குடுக்க முடியாது சார். ஒண்ண நிறுத்தியே ஆகணும்” என்றாள் பூங்காவனம்.

“நம்ம அறைகள்ல இன்னும் கொஞ்சம்...”

“இதுக்கு மேல குறைச்சா தண்ணிக் குழாய் உறைஞ்சிடும். நாமளும்தான். சின்னக் கருவிங்களை நிறுத்தியும் பிரயோஜனம் இல்ல, எல்லாம் சேந்தாலும் போதாது. அதிகமா இழுக்கிறது மூணுதான். கேமரா, ஆறு, ஏழு.”

ஏழைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

“கேமராவ நிப்பாட்டினா என்ன நடக்கும்?” என்று தவமலர் கேட்டாள்.

“அதுக்கு ரெண்டு குணம் டாக்டர். படம் பிடிக்கிற சில்லு குளிர்ச்சியா இருக்கணும். அதைத் தாங்குற குழலும் கண்ணாடியும் சூடா இருக்கணும். சூட்டை நிறுத்தினா குழல் ஒரு மாதிரி சுருங்கும், கண்ணாடி ஒரு மாதிரி சுருங்கும். நடுவுல இருக்கிற பசை விட்டுடும். அப்புறம் என்னதான் சூடு பண்ணினாலும் படம் கலங்கலாத்தான் வரும்.”

“ஆறை நிப்பாட்டினா?”

“அது இப்ப நாலு டிகிரியில இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். உறையுற அளவுக்குப் போச்சுன்னா உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் ஊசி ஊசியா...” சொல்லும்போதே தான் ‘அது’ என்று சொன்னது காதில் விழுந்து பூங்காவனத்துக்குச் சுருக்கென்றது. “அவர்” என்று திருத்திக்கொண்டாள்.

“விளங்குது” என்றாள் தவமலர். “எழுப்பிவிட்டா என்ன?”

“எழுப்புறதுக்கு வேண்டிய சூடு இப்ப நம்மகிட்ட இல்ல.”

“அதோட” என்று அதியமான் முதன்முறையாகச் சுறுசுறுப்பானார், “எழுப்பினா மனுஷக் கணக்குல வந்துடும். நாலாவது ஆள். மீட்புப் படகு இல்லாம நாலு பேர்னா சட்டச் சிக்கல் இருக்கு.”

அதாவது, சந்தியாகு மனிதராகிவிடக் கூடாது என்பதில்தான் அவருக்குக் கவலை. பூங்காவனம் அவரையே பார்த்தாள். குல்லாவுக்குள் இருந்த கண்கள் சுவரில் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

கேமரா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. முதலாளி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மோதிரம் மாற்றும்போது மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் சனியின் வளையம் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மோதிரம், வளையம், பொருத்தமாக இருக்குமாம். கல்யாண வீட்டில் சனியைக் கூப்பிடலாமா என்று சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். அதற்கும் ஒரு ஜோசியர் பரிகாரம் சொல்லிவிட்டார். ஆக, அந்தப் படத்துக்காக உலகமே காத்திருந்தது, குறைந்தபட்சம் முதலாளியின் உலகம்.

சென்னை அலுவலகத்துக்குக் கேள்வி போனது. பதில் மத்தியானம் வந்தது. ‘களத்தில் இருக்கும் தலைவரே சூழலுக்கேற்ப முடிவெடுக்கலாம்.’ அங்கேயும் அதியமான்கள்தான் இருந்தார்கள். பொறுப்பு சென்னை வரைக்கும் போய், தொட்டுவிட்டு, திரும்பி அவர் மடியிலேயே விழுந்தது. அதியமானின் முகம் அரிசி கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்தது.

“சொல்லுங்க சார்” என்றாள் பூங்காவனம். “எதை நிறுத்தணும்?”

“ஆறு வெளிச்சுவர் ஓரமா இருக்கு. அதிகமா இழுக்குதுன்னு முன்னாடியே ஒரு பேச்சு இருந்துச்சு.”

“அது சந்தியாகு சார்.”

“பதிவுல எப்படி இருக்கோ அப்படித்தானே பாக்க முடியும்.”

“அப்ப சொல்லிடுங்க. பேணிகிட்ட உங்க வாயாலதான் சொல்லணும்.”

அதியமான் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். காபிப் பையைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

“பேணி.”

“சொல்லுங்க தலைவரே.”

“ஆற விட்டுடு” என்றார். சொல்லிவிட்டுக் காபிப் பையின் குழாயை வாயில் செருகிக்கொண்டார்.

எழுத்தில் இருந்தால் இதில் தகராறே இல்லை. ‘ஆறை விட்டுவிடு’ என்றால் ஆறாம் எண்ணைத் தொடாதே என்று அர்த்தம். ‘ஆறவிட்டுவிடு’ என்றால் சூடு போகட்டும் என்று அர்த்தம். பேச்சில் அந்த ஐகாரம் தேய்ந்துபோய் இரண்டும் ஒரே சத்தமாகிவிடுகிறது. ஒன்றில் ஆள் பிழைப்பார், மற்றதில் சாவார். உலகத்தில் இத்தனை பாஷை இருக்க, ஒரு கோழை ஒளிந்துகொள்ள இவ்வளவு கச்சிதமான இடம் தமிழில்தான் கிடைத்தது.

“ரெண்டு அர்த்தம் வருது தலைவரே” என்றது பேணி. “ஆறாம் கருவியை நிறுத்தாம விட்டுடணுமா? இல்ல, அது ஆறிப்போகட்டும்னு விடணுமா?”

அதியமான் காபி உறிஞ்சினார். பை காலியாகிவிட்ட சத்தம் கேட்டது. அப்புறமும் உறிஞ்சினார்.

“தலைவரே?”

“சொன்னது சொன்னதுதான். புரிய வேண்டியவங்களுக்குப் புரியும்.”

“தலைவர் விளக்கம் தரல. விதிப்படி வெப்ப அலுவலர்கிட்ட கேக்குறேன். பூங்காவனம், தலைவர் சொன்னதுக்கு என்ன அர்த்தம்?”

அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. இந்த மனிதர் தடுமாறவில்லை. தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். ‘ஆறிப்போகட்டும் என்கிறார்’ என்று அவள் சொல்ல வேண்டும். சந்தியாகு சாக வேண்டும். நாளைக்கு விசாரணை என்று வந்தால், ‘ஆறை விட்டுடுன்னுதானே சொல்லப்பட்டது, அந்தம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, பாவம்’ என்று வருத்தத்தோடு கையை விரிப்பார். கொலை அவருடையது, கை அவளுடையது. பொறியில் தேங்காய்த்துண்டு வைப்பதுபோல் ஒரு வார்த்தையை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் குளிரிலும் குல்லாவைக் கழற்றி மேஜையில் போட்டாள். எடையற்ற அந்த இடத்தில் அது எங்கே விழும், மெல்ல மிதந்து அதியமானின் மூக்கருகே போய் நின்றது.

“ஆறைத் தொடாதேன்னு சொல்றார்” என்றாள். “ஆறை. ஐகாரத்தோட. ஆறாம் கருவிக்குச் சூடு நிக்கக் கூடாதுன்னு தலைவர் உத்தரவு.”

அதியமான் குல்லாவை விலக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

“சரி” என்றது பேணி. “ஆறுக்குச் சூடு தொடரும். அப்படின்னா அடுத்து அதிகமா இழுக்குறது ரெண்டாம் கருவி, கேமரா. அதை நிறுத்துறேன். தலைவர் மறுக்கலைன்னா விதிப்படி அது அவர் உத்தரவாயிடும். தலைவருக்கு மறுப்பு இருக்கா?”

“அது வந்து...”

“மறுப்பு இருக்கா தலைவரே?”

“சொல்லுங்க சார்” என்றாள் பூங்காவனம். “தைரியமா சொல்லுங்க. ‘இல்ல, நான் அந்த ஆளைச் சாக விடச் சொன்னேன்’னு சொல்லுங்க. பேணி உடனே மாத்திடும். நானும் டாக்டரும் சாட்சி.”

தவமலர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

அதியமானுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்துக்கு எழுவாய் தேவைப்பட்டது. அது அவரிடம் இல்லை. “அப்படியெல்லாம் யாரும்... அது வேற... பாத்துக்கலாம்” என்றார்.

“மறுப்பு இல்லை” என்றது பேணி.

கேமராவின் சூடு நின்றது. சாயங்காலத்துக்குள் பசை விட்டுவிட்டது. பூங்காவனம் தன் திரையில் அந்தக் கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷம் யாரோ உழைத்துச் செய்த கண்ணாடி. அதற்காகவும் வருத்தமாகத்தான் இருந்தது.

“இதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டி வரும்” என்று அதியமான் தன் அறை வாசலிலிருந்து சொன்னார்.

“யாரு சார்?” என்றாள் அவள். கதவு மூடிக்கொண்டது.

முதலாளியிடமிருந்து முதலில் வந்த செய்தியைத் தவமலர் சத்தமாகப் படிக்கவில்லை. படிக்கிற மாதிரியும் இல்லை. வம்சத்தையே இழுத்திருந்தார். அதியமான் பதிலுக்கு, நிரலில் ஏதோ கோளாறு நேர்ந்துவிட்டதாகவும், வெப்ப அலுவலர் அவசரப்பட்டுவிட்டதாகவும் ஒரு நீண்ட விளக்கம் தயார் செய்துகொண்டிருந்தார். அதை அனுப்புவதற்குள் கீழே காற்று திசை மாறிவிட்டது.

கலத்தில் பேசுவதெல்லாம் சென்னைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அங்கே விளம்பரப் பிரிவில் யாரோ ஒரு புத்திசாலி அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வெளியே விட்டார். “பேணி. ஆற விட்டுடு.” பிறகு பூங்காவனத்தின் விளக்கம். பிறகு, “மறுப்பு இல்லை.” நடுவில் இருந்ததெல்லாம் காணோம். ஒரு தொழிலாளிக்காகக் கலத்தின் கண்ணையே கொடுத்த தலைவர் என்று ஊரே உருகியது. பனியனில் அச்சடித்தார்கள். ஆட்டோ முதுகில் எழுதினார்கள். கல்யாணத்தில், மாப்பிள்ளை மோதிரம் போடும் நேரத்தில், வளையத்துக்குப் பதிலாக அதியமானின் குரலை ஒலிக்கவிட்டார்களாம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். கல்யாண மேடையில் ‘ஆற விட்டுடு’ என்று ஒரு குரல் கேட்டால் சமையல்காரர் பாயசத்தை இறக்கி வைத்திருப்பார் என்று பூங்காவனம் நினைத்துக்கொண்டாள். மனிதனை ஏன் கருவி என்று பதிந்தீர்கள் என்று கேட்க வேண்டியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் உருக ஆரம்பித்த அன்றே அதியமான் அந்த விளக்கத்தை அழித்துவிட்டார். மறுநாள் பேட்டிக்கு உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றித் தலை வாரியிருந்தார்.

“நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல” என்றார். “நான் அந்தத் தம்பியோட முகத்தைத்தான் நினைச்சேன். நான் சொன்னேன், கேமரா போனா போகட்டும், ஆறை விட்டுடுன்னு.”

ஒரே மூச்சில் மூன்று ‘நான்’. ஆயுசு முழுக்கச் சேமித்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

பூங்காவனத்தையும் பேட்டி கேட்டார்கள். ‘அந்தக் கணத்தில் தலைவர் அருகில் இருந்த உங்கள் அனுபவம்?’ என்று கேள்வி வந்திருந்தது. அவள் தவமலரின் அறைக்குப் போனாள்.

“எல்லாத்தையும் கொட்டிடப் போறேன் டாக்டர். அந்த ஆள் முகரையைக் கிழிக்கப் போறேன்.”

“கிழியுங்கோ” என்றாள் தவமலர். “நாளைக்கு இன்னொரு கட்டை செத்தா, ஆரின்ர குரலுக்குப் பேணி கேக்கும்?”

“அவர் குரலுக்கு.”

“இப்ப அவர் வீரன். வீரனால ஆறை நிப்பாட்டேலாது. நீங்கள் கிழிச்சா அவர் பழையபடி அதியமான். பிறகு அந்த மனுசன்ர கதி என்ன?”

பூங்காவனம் வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். பிறகு போய்ப் பேட்டிக் கேமரா முன்னால் உட்கார்ந்து, “எங்க தலைவர் மாதிரி ஒருத்தர் கிடைக்கிறதுக்கு நாங்க குடுத்து வச்சிருக்கணும். ஆறைக் காப்பாத்தணும்னு அவர் சொன்ன அந்தத் தெளிவு இருக்கே...” என்று ஆரம்பித்தாள். பேசி முடித்ததும் போய் வாய் கொப்பளித்தாள். அதன் பிறகு வாரம் ஒரு பேட்டி. அவரைப் புகழ்ந்து புகழ்ந்து நாக்கு தழும்பேறிவிட்டது. சந்தியாகுவின் பெட்டி நாலு டிகிரியில் அசையாமல் இருந்தது.

நிலவைச் சுற்ற ஆரம்பித்ததும் இன்ஜின்கள் அணைந்து மின்சாரம் மிச்சமானது. தூங்கியவர்களை எழுப்ப உத்தரவு வந்தது. படகில்லாமல் ஐந்து பேர் ஆகிறார்களே என்று கேட்டதற்கு, கலம் நின்றுவிட்டதால் யாருமே பயணி இல்லை என்று வக்கீல்கள் பதில் எழுதினார்கள். பூங்காவனம் இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்து, சந்தியாகுவைச் சிறுகச் சிறுகச் சூடேற்றினாள். உதட்டில் நிறம் வந்தது. விரல் அசைந்தது. கண் திறந்தபோது அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த ஆளுக்காகத்தானே இத்தனை பொய்யும்.

ஆள் எழுந்து உட்கார்ந்ததும் அதியமான் வந்துவிட்டார், படம் பிடிக்கும் கருவியைத் தானே கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டு. நடந்ததைச் சொன்னார். அந்த ஒலித்துண்டைப் போட்டுக் காட்டினார். ஒரு தடவை போதாதென்று மறுபடியும், அதற்குப் பிறகும் ஒரு தடவை. சந்தியாகு கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று அதியமானின் இரண்டு கைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மி அழுதார்.

“அய்யா, நீங்க மாதா மாதிரி. எங்க வீட்டுல உங்க படத்தத்தான் மாட்டப் போறேன். எம் மவனுக்கு உங்க பேரத்தான் வைப்பேன்.”

அதியமான் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். கால்களைக் கட்டிக்கொள்ள அவர் குனிந்தபோது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, படம் சரியாக விழுகிற பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூங்காவனத்துக்குக் குமட்டியது. அதியமானைப் பார்த்துக் குமட்டுவது பழகிப்போன விஷயம். இது வேறு. உன்னைச் சாகச் சொன்ன ஆளுடைய காலை நக்குகிறாயே, உனக்காகவா நான் நாக்கைப் புண்ணாக்கிக்கொண்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இந்த மாதிரி ஆட்கள் இருக்கும்வரைக்கும் அந்த மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம்தான். கருவி என்று எழுதினால் கருவி, சாமி என்று காட்டினால் கும்பிடு. அவள் எழுந்து தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சந்தியாகு சுவரைத் தடவித் தடவி அங்கே வந்தார். இன்னும் கால் சரியாக அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவளுக்கு எதிரில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“எக்கா.”

“என்ன?”

“இந்த மின்பெட்டியில இன்னொரு கட்டை செத்தா என்ன செய்வாவ?”

“திரும்பவும் ஏதாவது ஒண்ண நிறுத்தணும்.”

“கேமராதான் ஏற்கெனவே போயிட்டே.”

அவள் நிமிர்ந்தாள். அவர் கண்ணில் ஈரம் இல்லை. துளை போடப் போகிற இடத்தைப் பார்க்கிறவர்போல் நிதானமாக அவள் திரையில் இருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பேச்ச மூணு தடவ போட்டுக் காட்டுனாவ” என்றார், குரலைத் தணித்து. “ஒருத்தர விட்டுருன்னு சொல்லுத சத்தம் அது இல்லக்கா. கஞ்சிய இறக்கி வச்சிட்டு ஆற விடுன்னு சொல்லுவோம்லா, அந்தச் சத்தம். மொதத் தடவையே தெரிஞ்சிட்டு.”

“தெரிஞ்சுமா அந்த ஆள் கைய எடுத்துக் கண்ணுல வச்சிக்கிட்டீங்க?”

“பின்ன? துளை போட்டு முடிச்சதும் ஊருக்குத் திரும்பணும்லா. வருசக்கணக்கா அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கப் போறவன் நான். தலைவரு அவுகதான.” பின்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். “நீங்க எனக்காவ என்னெல்லாம் பேசிருக்கியன்னு இப்பதான் டாக்டரம்மா சொன்னாவ. எல்லாத்தையும் உங்க தலையிலயே போட முடியுமாக்கா? எம் பங்குக்கு நானும் செய்யணும்லா.”

அதியமான்மேல் கொட்டுவதற்காக இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்த வெறுப்பில் ஒரு கை அள்ளி, தெரியாமல் இவர்மேலும் வீசிவிட்டோமே என்று பூங்காவனத்துக்கு இருந்தது.

உள்ளேயிருந்து அதியமானின் குரல் வந்தது. வெளிச்சம் சரியில்லை, அந்த அழுகையை இன்னொரு தடவை எடுத்தால் நன்றாக இருக்கும், நான் கூப்பிடுகிறேன் என்று.

“வாரேன் அய்யா!” என்று சந்தியாகு உரக்கக் குரல் கொடுத்தார். பட்டையைக் கழற்றிக்கொண்டு எழுந்தவர், அவள் பக்கம் குனிந்து, நிஜமான கவலையோடு கேட்டார்.

“எக்கா, மொதல்ல நல்லாத்தான அழுதேன்?”